எத்தனை ஆண்டு அனுபவம்?
ஒப்பந்த மென்பொருள் பொறியாளர்களைத் துரத்தும் கேள்வி

புதுதில்லி: நொய்டா, குருகிராம் பகுதிகளில் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் திரட்டித் தரும் முகவர்கள், தொலைபேசியில் அழைத்ததும் கேட்பவை இரண்டு கேள்விகள். மொத்த அனுபவம் எத்தனை ஆண்டு? அதில் இந்த வேலைக்குத் தொடர்புடைய அனுபவம் எத்தனை ஆண்டு? என்ன நிரல் எழுதினீர்கள், அது எங்கே இயங்குகிறது என்பதெல்லாம் பிறகு. பல நேரங்களில் அந்தப் "பிறகு" வருவதே இல்லை.

முகவரின் முன்னால் இருப்பது ஓர் அட்டவணை. மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், தற்போதைய ஊதியம், எதிர்பார்க்கும் ஊதியம், பணியிலிருந்து விடுபடத் தேவைப்படும் நாள்கள் என அதில் பத்திகள் இருக்கும். அவற்றை நிரப்பி நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வெவ்வேறு என்பதை அறியாத முகவர்களும் இத்தொழிலில் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணை மட்டும் கேட்கும்படிதான் அவர்களுக்கு உத்தரவு. வேலைவாய்ப்பு இணையதளங்களில் 5 ஆண்டு என்று வரம்பு வைத்துத் தேடினால், 4 ஆண்டு 10 மாதம் பணியாற்றியவரின் தன்விவரக் குறிப்பு திரைக்கே வராமல் போகக்கூடும்.

நிரந்தர ஊழியருக்கு இக்கேள்விக்கு விடை சொல்வது எளிது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன. ஒப்பந்தப் பொறியாளரின் கதை வேறு. ஒருவர் வங்கி ஒன்றின் திட்டத்தில் 11 மாதம் பணியாற்றுகிறார். அடுத்த ஒப்பந்தம் கிடைக்க 3 மாதம் ஆகிறது. பிறகு காப்பீட்டு நிறுவனத்தில் 7 மாதம்; மீண்டும் இடைவெளி. இப்படியே 6 ஆண்டுகள் ஓடிவிட்டால், உண்மையில் வேலை செய்தது நாலரை ஆண்டாக இருக்கலாம். அதிலும் ஒன்றரை ஆண்டு பழைய நிரலில் பிழை திருத்தியது, ஓராண்டு பிறர் எழுதியதைச் சோதித்தது. புதிதாக ஜாவாவில் எழுதியது இரண்டே ஆண்டு. முகவரின் பத்தியில் இவர் நிரப்ப வேண்டிய எண் 6-ஆ, நாலரையா, 2-ஆ?

பெரும்பாலோர் 6 என்றே எழுதுகின்றனர். முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை எண்ணுவது இத்துறையில் எழுதப்படாத வழக்கம். ஜாவா 6, எஸ்.க்யூ.எல். 6, லினக்ஸ் 6 என ஒவ்வொரு திறனுக்கும் முழு ஆண்டுகளையும் போடுவது அடுத்தபடி. ஒரே நாளில் மூன்றையும் பயன்படுத்தியிருந்தால் அது பொய்யல்ல. வாரம் ஒரு முறை தொட்டதையும் அப்படியே எழுதும்போதுதான் சிக்கல். இதற்கு அஞ்சிப் பிரித்து எழுதுபவர், அதாவது இன்ன திட்டத்தில் இத்தனை மாதம், அதில் என் பங்கு இது என்று நேர்மையாகக் குறிப்பிடுபவர், முதல் சல்லடையிலேயே வெளியேறிவிடுகிறார்.

கேட்பவர்களின் கணக்கும் ஒழுங்காக இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கிய செபாஸ்டியான் ராமிரெஸ், 2020-ஆம் ஆண்டில் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். அதில் ஃபாஸ்ட்ஏபிஐ-யில் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் கோரப்பட்டிருந்தது. அதை அவர் உருவாக்கியே அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கத் தமக்குத் தகுதியில்லை என்று ட்விட்டரில் அவர் எழுதியது உலகெங்கும் சிரிப்பை வரவழைத்தது. இத்தகைய விளம்பரங்கள் இந்தியாவிலும் அரியன அல்ல. இல்லாத ஆண்டுகளைக் கேட்டால், இல்லாத ஆண்டுகள்தான் பதிலாக வரும்.

ஆண்டுகளைச் சரியாகச் சொன்னாலும், யாருடைய ஊழியராக இருந்தோம் என்பதைச் சொல்வது இன்னும் கடினம். வேலை வங்கிக்கு. அந்த வங்கியின் ஒப்பந்தம் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்திடம். அது ஆள் கேட்பது ஒரு மனிதவள நிறுவனத்திடம். ஊதியச் சீட்டில் இருப்பதோ அதற்கும் கீழே உள்ள, யாரும் கேள்விப்படாத ஒரு சிறு நிறுவனத்தின் பெயர். வங்கியின் பெயரைத் தன்விவரக் குறிப்பில் போட ரகசியக் காப்பு ஒப்பந்தம் பலருக்கு இடம் தருவதில்லை. எனவே, "முன்னணி அமெரிக்க வங்கி ஒன்றில்" என்று பூடகமாக எழுதுகின்றனர். சரிபார்ப்பவரின் கண்ணுக்கு உண்மையும் புனைவும் இங்கே ஒன்றுபோலவே தெரிகின்றன.

புனைவும் இல்லாமல் இல்லை. ஹைதராபாதின் அமீர்பேட் பகுதி மென்பொருள் பயிற்சி மையங்களுக்குப் பெயர் பெற்றது. குறைந்த செலவில் தரமாகக் கற்றுத் தரும் மையங்கள் அங்கே பல. அந்தப் பயிற்சிச் சந்தையை ஒட்டியே அனுபவத்தை விலைக்கு விற்கும் தொழிலும் வளர்ந்தது. போலிச் சான்றிதழ் தயாரித்த கும்பல்களை ஹைதராபாத் போலீஸார் பலமுறை கைது செய்துள்ளனர். இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்று கொடுத்துச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக அக்சென்சர் நிறுவனம் 2022 நவம்பரில் தெரிவித்தது. போலி ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மையெனப் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340-ஆவது பிரிவுகளின் கீழ் குற்றங்கள்.

இதைத் தடுக்கும் முயற்சி பழையது. ஊழியர்களின் விவரங்களை விரல்ரேகையுடன் பதிவு செய்யும் தேசியத் திறன் பதிவேட்டை நாஸ்காம் அமைப்பு 2006-இல் தொடங்கியது. ஆனால், சரிபார்ப்பவர்களின் முக்கியமான ஆயுதமாகிவிட்டது வேறொன்று. அதுதான் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2014-இல் கொண்டுவந்த 12 இலக்கப் பொதுக் கணக்கு எண். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் தெரிந்துவிடும். போலி அனுபவத்துக்கு அது நல்ல தடை. ஒப்பந்தப் பொறியாளருக்கோ அதுவே எதிரான சாட்சியாகிறது. ஒரே வங்கியில், ஒரே இருக்கையில் 3 ஆண்டு இருந்தவரின் கணக்கில், இடைத்தரகு நிறுவனம் மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு "வேலை மாற்றம்" பதிவாகிறது. ஆலோசகர் என்ற பெயரில் வரி பிடித்தம் செய்து கட்டணமாக ஊதியம் பெற்றவருக்கு வைப்பு நிதிப் பதிவே இருக்காது. இந்தக் கணக்கு யாரிடம் வேலை பார்த்தார் என்பதைத்தான் சொல்லும். என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லாது.

தனியார் துறையின் உள்விவகாரம் என்று அரசு இதை ஒதுக்கிவிடவும் முடியாது. தேசிய தகவலியல் மையத்தின் துணை நிறுவனமாக 1995-இல் தொடங்கப்பட்ட "நிக்சி", அரசுத் துறைகளுக்கான தொழில்நுட்பப் பணியாளர்களை முகமைகளின் மூலம் திரட்டித் தருகிறது. அங்கும் அளவுகோல் அனுபவ ஆண்டுகள்தான். தலைநகரில் அரசு இணையதளங்களை இயக்குபவர்களில் ஒரு பகுதியினர் இத்தகைய ஒப்பந்தப் பணியாளர்கள்.

இந்த இடத்தில்தான் அதிகம் பேசப்படாத ஒரு சட்டப் பிரிவு கவனத்துக்குரியது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020-இன் 56-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத் தொழிலாளர் கோரினால், அவர் செய்த பணியின் விவரங்களுடன் அனுபவச் சான்றிதழை ஒப்பந்ததாரர் வழங்க வேண்டும். அதற்கான படிவத்தை உரிய அரசு நிர்ணயிக்கும். 2020 செப்டம்பர் 23-இல் மாநிலங்களவை இதற்கு ஒப்புதல் அளித்தபோது, 8 உறுப்பினர்களின் இடைநீக்கத்தைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. பிரிவுவாரியாகக் குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை. மற்ற மூன்று தொகுப்புச் சட்டங்களுடன் இது 2025 நவம்பர் 21-இல்தான் அமலுக்கு வந்தது.

மென்பொருள் பொறியாளருக்கு இது கைகொடுக்குமா என்பதுதான் சந்தேகம். ஒப்பந்ததாரரிடமே முறையாகப் பணியமர்த்தப்பட்டு, அவ்வப்போது ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் இச்சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளர் அல்ல. மேற்பார்வைப் பணியில் மாதம் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெறுபவரும் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வரமாட்டார். ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பேற்றிருப்பதாகத் தன்விவரக் குறிப்பில் பெருமையுடன் எழுதிக்கொண்டவருக்கு அந்த வரியே வினையாகலாம். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயம் பொருந்துவதற்கான எண்ணிக்கை வரம்பும் 20-லிருந்து 50-ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஊதியச் சீட்டு மட்டும் தரும் சிறு இடைத்தரகு நிறுவனங்கள் இதில் நழுவ வழியிருக்கிறது.

பணி விவரம் என்றால் வெறும் தேதிகளா, எந்த மொழியில் என்ன நிரல் எழுதினார் என்பதும் சேருமா, பணி நடந்த இடமான வங்கியின் பெயர் இடம்பெறுமா? சட்டத்தில் இவற்றுக்கு விளக்கமில்லை. மென்பொருள் ஒப்பந்தப் பொறியாளர்களை 56-ஆவது பிரிவு கட்டுப்படுத்துமா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் எந்த உறுப்பினரும் எழுத்துமூலம் பதில் கோரலாம். மக்களவையில் அதற்கு 15 முழு நாள்கள் முன்னதாக நோட்டீஸ் தந்தால் போதும்.