உங்களுக்குத் தெரியுமா? ஒரு விமானத்துக்குத் துணை போன 11 டேங்கர்கள்
பிரிட்டிஷ் விமானப்படையின் 55-ஆம் ஸ்குவாட்ரன் 1916-இல் தொடங்கப்பட்டது. அணுகுண்டு வீசுவதற்கென்றே உருவான விக்டர் விமானங்களை 1965 முதல் டேங்கர்களாக்கி, நடுவானில் எரிபொருள் நிரப்பும் பணியில் இறங்கியது.

1982 ஃபாக்லாந்து போர்தான் அதன் உச்சம். அசென்ஷன் தீவிலிருந்து சுமார் 6,300 கி.மீ. தள்ளியிருந்த ஃபாக்லாந்தின் ஸ்டான்லி விமான ஓடுதளத்தின் மீது குண்டு வீச வேண்டும். போவது ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம். அதற்காக 55, 57-ஆம் ஸ்குவாட்ரன்களின் 11 விக்டர்கள் கிளம்பின. டேங்கருக்கே இன்னொரு டேங்கர் எரிபொருள் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் கணக்கின் சிக்கலைப் பாருங்கள்!

இடி மின்னலுக்கு நடுவே ஒரு விக்டரின் எரிபொருள் பெறும் குழாய்முனை உடைந்தது. அதன் இடத்துக்கு மாறிய இன்னொரு விக்டரின் விமானி பாப் டக்ஸ்ஃபோர்ட், தான் திரும்பிவரத் தேவையான எரிபொருளையும் வல்கனுக்கே கொடுத்துவிட்டார். உதவி கேட்கவும் வழியில்லை. ரேடியோவில் பேசினால் ரகசியம் உடைந்துவிடும். குண்டு விழுந்த செய்தி வந்த பிறகே இன்னொரு டேங்கரை அழைத்தார். வல்கன் வீசிய 21 குண்டுகளில் ஓடுதளத்தில் விழுந்தது ஒன்று. உழைப்புக்கு ஏற்ற பலனா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

விக்டர்கள் 1993-இல் ஓய்வு பெற்றன.