வெயிலில் விளையாடும் எங்கள் பிள்ளைகள்

"ஊர் வெயிலிலேயே வளர்ந்த எங்களுக்கு இந்த வெயில் என்ன பெரிசோ, டொக்டர்?" கோடைகால விளையாட்டு விழா நெருங்கும்போது பெற்றோர் பலர் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள்.

ஷோனெஃபெல்டில் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்து வெயில் பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களிலேயே அந்தப் பழக்கம் போய்விடும். ஊரில் வளர்ந்த பெற்றோருக்கும் இதே கதைதான். 2019 ஜூலை 25 அன்று டூயிஸ்பூர்க்கில் 41.2 பாகை செல்சியஸ் பதிவானது. யாழ்ப்பாணத்திலேயே அது அரிது.

ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வெப்பமாகிறது. வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் அந்த வெப்பம் வெளியேறும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வையால் பயனில்லை. புழுக்கமான நாள் ஆபத்தானது அதனால்தான்.

அதற்காக, பிள்ளையின் கையில் போத்தலைத் திணித்து "குடி, குடி" என்று விரட்டவும் வேண்டாம். 2015 ஜூலையில், கடும் வெப்பத்தில் நடந்த பிராங்க்பேர்ட் அயன்மான் போட்டியில் பங்குபற்றிய 30 வயதுப் பிரித்தானியர் ஒருவர் உயிரிழந்தார். அவரது இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கியிருந்தது. 2002 பொஸ்ரன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரரில் 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடிக்கையில் நிறை கூடியிருந்தவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. அதாவது, வியர்த்ததைவிடக் கூடுதலாகக் குடித்தவர்கள்.

வீட்டுத் தராசே போதும். விளையாட முன்னும் பின்னும் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. நிறை கூடியிருந்தால் குடித்தது அதிகம். மற்றப்படி தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட நேர விளையாட்டுக்குப் பின் உப்புப் போட்ட மோரும் சோறும் தாராளம். விலை கூடிய விளையாட்டுப் பானங்கள் நம் பிள்ளைகளுக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

விளையாடும் பிள்ளை தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால், "வியர்க்குதுதானே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். வெப்பத்தாக்கிலும் வியர்வை வரும். உடனே 112ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, மேலுடுப்பைக் கழற்றி, உடல் முழுக்கக் குளிர்நீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்.