தரகர் காட்டும் வீடு



வீடு தேடிப் புறப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் சந்திக்கும் மனிதர் வீட்டுத் தரகர். அவரைப் பற்றி நம்மிடையே நல்ல வார்த்தை மிகுதியாக வழங்குவதில்லை. ஆயினும் அவரின்றி வீடு கிடைப்பதும் அரிதாகவே இருக்கிறது. படிப்பை முன்னிட்டோ பணியை முன்னிட்டோ நாளை நீங்களும் வேறோர் ஊரில் வீடு தேட நேரலாம். ஆகவே, அவருடைய தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சென்னையில் நான் கண்டறிந்த அளவில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு வீடு காலியாகப் போகிறது, அல்லது விலைக்கு வருகிறது என்று தெரிந்தவுடன் தரகர் அதன் விவரங்களைத் திரட்டுகிறார். எத்தனை சதுர அடி, எந்தத் திசை பார்த்த வாசல், எத்தனையாவது மாடி, தண்ணீர் கிணற்றிலிருந்தா, குழாயிலிருந்தா, லாரியிலிருந்தா என்பனவெல்லாம் அவற்றில் அடங்கும். விற்பனையானால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களையும் கேட்டு வாங்குவார். முன்னாளில் இவ்வளவும் அவருடைய சட்டைப்பைக் குறிப்பேட்டில் அடங்கியிருந்தன. இன்று கைப்பேசியின் வழியே படங்களோடு ஊரெங்கும் உலவுகின்றன.

சதுர அடி என்ற சொல்லிலேயே ஒரு நுட்பம் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் மாடிப்படி, பொதுவழி முதலியவற்றின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் அளவு ஒன்று; நாம் புழங்கும் இடத்தின் அளவு மற்றொன்று. பின்னதையே 'கார்ப்பெட் ஏரியா' என்கிறார்கள். வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்களையும் சேர்த்துக் கணக்கிடுவது அது என்று 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தரகர் சொல்வது இவ்விரண்டில் எந்த அளவு என்று கேட்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது வீட்டைக் காட்டுதல். இதுவும் ஒரு கலையே. கைதேர்ந்த தரகர் சிலர் முதலில் சுமாரான வீடுகள் இரண்டைக் காட்டிவிட்டு, தாம் முடிக்க நினைக்கும் வீட்டை மூன்றாவதாகக் காட்டுவர். அலுத்த கண்ணுக்கு அது மாளிகையாகத் தோன்றும். எந்த நாளில், எந்த நேரத்தில் காட்டுவது என்பதிலும் கருத்து உண்டு.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் ஒருவர் எங்களுக்கு வாடகை வீடு ஒன்றைக் காட்டினார். வெளிச்சமான வீடு, அமைதியான தெரு. பின்கட்டுச் சன்னல் மட்டும் மூடியிருந்தது. காரணம் கேட்டதற்கு, "கொசு வரும், சார்" என்றார். முன்பணமும் தரகும் கொடுத்துக் குடியேறினோம். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சன்னலுக்குப் பின்னாலிருந்த மரம் அறுக்கும் பட்டறையில் இயந்திரம் சுழலத் தொடங்கிற்று. தேர்வு முடியும் வரையில் அந்தப் பெண் உறவினர் வீட்டுக்குச் சென்றே படிக்க வேண்டியதாயிற்று. தரகரிடம் முறையிட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, சார்" என்றார் அவர்.

அவர் ஏன் சொல்லவில்லை? இதற்கு ஒரு சிறு கணக்கே விடை தரும். வாடகை வீடானால் ஒரு மாத வாடகையும், விற்பனையானால் விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டும் தரகாகக் கொடுப்பது சென்னையில் பெருவழக்கு. இரு தரப்பிலும் பெறுவதும் உண்டு. அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் தரகு அறுபதாயிரம். விலை இரண்டு லட்சம் குறைந்தால் விற்பவருக்கு இரண்டு லட்சம் நஷ்டம். தரகருக்கோ இரண்டாயிரம் மட்டுமே. ஆனால் பேச்சு முறிந்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே இல்லை. பல நாள் அலைந்ததும் வீண். ஆகவே, தரகருடைய நாட்டம் விலை ஏறுவதிலும் இல்லை, இறங்குவதிலும் இல்லை. காரியம் முடிவதிலேயே இருக்கிறது. இது அவருடைய குணக்கேடு அன்று. ஊதியம் அமைந்த முறையின் விளைவு.

சட்டம் துணை நிற்காதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு நிற்கிறது. நான் குறிப்பிட்ட 2016ஆம் ஆண்டுச் சட்டம், அதன்கீழ்ப் பதிவான கட்டடத் திட்டங்களில் வீடு விற்றுத்தரும் தரகர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வாடகைத் தரகருக்கு அச்சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமோ, தமக்குத் தெரிந்த பெருங்குறையை விற்பவர் மறைக்கலாகாது என்று விதிக்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தாமே கண்டுபிடிக்கக்கூடிய குறைக்கு அந்த விதி பொருந்தாது. மூடிய சன்னலைத் திறந்து பார்ப்பது நம்முடைய கடமையே ஆகிறது.

பட்டறையின் ஓசை தாளாமல் மறுபடியும் வீடு தேடியபோது, இன்னொரு தரகரிடம் சென்றேன். அவர் காட்டிய வீடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. முன்பணம் கொடுக்கவும் தயாரானேன். அவர் சுவரின் புதுச் சாயத்தைத் தொட்டுக் காட்டி, "2015 டிசம்பர் வெள்ளத்தில் இதுவரையில் தண்ணீர் நின்றது, ஐயா. வயதான அம்மாவை வைத்திருக்கிறீர்கள், தரைத்தளம் உங்களுக்கு வேண்டாம்" என்றார். அன்று அவருக்கு ஒரு மாத வாடகை போயிற்று. இரண்டு வாரம் கழித்து அவரே முடித்துத் தந்த மாடி வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறோம். வீடு வேண்டும் என்று என்னிடம் கேட்ட நண்பர் நால்வரை அதன்பின் அவரிடமே அனுப்பியிருக்கிறேன்.

நண்பர்களே, வீடு பார்க்கச் சென்றால் வேலைநாளில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் செல்லுங்கள். எல்லாச் சன்னல்களையும் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் தண்ணீரைப் பற்றியும் மழைக்காலத்தைப் பற்றியும் விசாரியுங்கள். "இந்த வீட்டில் உள்ள குறை என்ன?" என்று தரகரிடம் நேராகவே கேளுங்கள். குறையே இல்லை என்பவரிடம் மறுமுறை செல்ல வேண்டா. ஒன்றையேனும் எடுத்துச் சொல்பவர் கிடைத்தால், அவருடைய தரகை மனமுவந்து கொடுங்கள்.