புதிய ஊரும் பழைய சாரதியும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த காரிலே, 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை வழியாகச் சுகமாக வந்து, புதிய களனிப் பாலத்தைக் கடந்து, பேஸ்லைன் வீதியிலிருந்து மாளிகாவத்தைப் பக்கம் திரும்புகின்ற பிரயாணி ஒருவர், தாம் கைதேர்ந்த சாரதி என்று அதுவரை கொண்டிருந்த நம்பிக்கையை முதற் சந்தியிலேயே தொலைத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பஞ்சிகாவத்தையின் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளுக்குச் சாமான் ஏற்றிவரும் லொறியும், அதன் அருகால் நுழையும் ஓட்டோவும், இரண்டுக்கும் நடுவே போகும் தள்ளுவண்டியும் போதாதென்று, வெள்ளிக்கிழமையாயின் ஜும்மாத் தொழுகை முடிந்து வருகின்ற சனக்கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கெத்தாராம பிரேமதாச விளையாட்டரங்கில் இரவு ஆட்டம் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்விதம் வந்து சேர்ந்தவர்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து பிளேன்டீ அருந்தியபடி சொல்லிய அபிப்பிராயங்கள் விசித்திரமானவை. டொரொன்ரோவிலிருந்து வந்த சின்னம்மாவின் மகன், "அண்ணை, இங்கே றூல்ஸ் எண்டு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்து நண்பரோ, "கொழும்பில ஒருத்தனும் இடம் விடமாட்டான்" என்று அலுத்துக்கொண்டார். சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் மாத்திரம், "பரவாயில்லை சார், பாதசாரிக் கடவையில் ஆள் நின்றால் வண்டியை நிறுத்துகிறார்களே!" என்று வியந்தார். மூவரும் கண்டது ஒரே வீதியைத்தான். அவரவர் சொந்த ஊரின் வீதியே அளவுகோலாக நின்று அவரவர் தீர்ப்பை எழுதுவித்தது என்பதை உணரும்போது, இந்த அபிப்பிராயங்களுக்குள்ளே உளவியலின் ஓர் அரிய பாடம் அடங்கியிருப்பது புலனாகும்.

பழகிய ஊரில் வண்டி ஓட்டுகின்ற ஒருவரிடம், வீட்டிலிருந்து காரியாலயம் வந்து சேர்ந்த பின்னர், வழியிலே எத்தனை கலர் லைட்டில் நின்றீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கியர் மாற்றுவதும், எந்தத் தரிப்பிடத்தில் எந்த பஸ் திடீரென்று ஓரங்கட்டும் என்ற ஞானமும், அப்பியாசத்தின் பலனாகப் பிரக்ஞையின் தயவை எதிர்பாராமலே நடைபெறும் காரியங்களாகிவிட்டன. புதிய நகரத்திலோ அவையெல்லாம் மீண்டும் பிரக்ஞையின் பொறுப்புக்கு வந்துவிடுகின்றன. ஒரு சமயத்தில் நாலைந்து விஷயங்களுக்கு மேல் தாங்கமாட்டாத செயல்ஞாபகம் என்னும் சிறிய மேசையின்மீது அத்தனையும் குவிகின்றன. விலாசம் தேடும் சாரதி தம்மையறியாமலே வானொலியின் சத்தத்தைக் குறைப்பதற்குக் காரணம் இதுவே: பாட்டுக் கேட்பது காதாயினும், கண்ணுக்கும் காதுக்கும் மேசை ஒன்றுதான்.

இந்தச் சுமைக்கு ஒரு கணக்கும் உண்டு. தெரிவு செய்யவேண்டியவை இரண்டு நாலாகவும் நாலு எட்டாகவும் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், முடிவெடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவினாற் கூடுகிறது என்று பிரித்தானிய உளவியலாளர் ஹிக் 1952ஆம் ஆண்டு காட்டினார். எதிரே வரும் ஓட்டோ நிற்கும், அல்லது இடப்பக்கம் புகும் என்று உள்ளூர்ச் சாரதிக்குத் தெரியும்; அந்நியருக்கோ அது எதையும் செய்யக்கூடிய வஸ்து. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடுமாதலால், யோசனையில் கழிகின்ற ஒரு விநாடி ஒரு பெரிய பஸ்ஸின் நீளத்தை விழுங்கிவிடுகிறது.

அதைவிட நுட்பமான தடை சமிக்ஞைகளில் இருக்கிறது. எதிரே வருபவர் முன்விளக்கை இமைத்தால், "நீர் முன்னே போம்" என்ற உபசாரமாக இங்கிலாந்தில் அதைக் கொள்வது வழக்கம்; கொழும்பிலே அதே விளக்கு, "நான் நிற்கமாட்டேன், நீ நில்" என்று எச்சரிக்கிறது. ஹோர்ன் ஒலி டொரொன்ரோவில் வசவு. இங்கே பெரும்பாலும் "பக்கத்தில் வருகிறேன்" என்னும் அறிவிப்பு. மிதிபலகையில் தொங்கும் பஸ் கொண்டக்டரின் கையசைப்பு எந்த வீதி விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் 100ஆம் இலக்க பஸ் காலி வீதியில் வெள்ளவத்தைத் தரிப்பை விட்டுக் கிளம்பும்போது அதற்குக் கீழ்ப்படியாத உள்ளூர்ச் சாரதியும் இல்லை. ஆகவே, பிரயாணிகள் ஒழுங்கீனம் என்று சொல்வதிற் பெரும்பகுதி தமக்குப் புரியாத ஒரு பாஷையே. அந்தப் பாஷையிலும் நாகரிகமற்ற பேச்சு உண்டென்பதை நான் மறுக்கவில்லை.

பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வின்ஸ்டன் சேர்ச்சிலே சாட்சி. 1931ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவில் வாடகைக் காரை விட்டிறங்கி வீதியைக் கடந்த அவர், தம் நாட்டு வழக்கப்படி பார்க்கவேண்டாத பக்கம் பார்த்ததால் கார் மோதி வைத்தியசாலையிற் கிடந்தார். வலப்பக்கம் செல்லும் நாட்டிலிருந்து நம் இடப்பக்க நாட்டுக்கு வருபவர், சிக்னல் போடுவதற்குப் பதிலாக மழைத்துடைப்பானை ஓடவிட்டுச் சிரிப்புக்கு ஆளாவதும் இதே வகைத் தவறுதான். ஆயினும் 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி சுவீடன் தேசம் முழுவதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது, பெருகும் என்று அஞ்சப்பட்ட விபத்துகள் சில காலம் குறைந்தே காணப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில், சனங்களின் பயம் தெளிந்த பின்னர், பழைய நிலைக்குத் திரும்பின. அந்நியத்தன்மை தரும் அச்சம் ஒரு கவசம். அறிவு வருமுன் அச்சம் போய்விடும் மூன்றாம் நாளும் நாலாம் நாளுமே பிரயாணிக்கு ஆபத்தான நாட்கள் என்று நான் கருதுகிறேன்.

கையில் தொலைபேசி இருக்க இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். தொலைபேசி "ஆர். ஏ. டி மெல் மாவத்தை" என்று சொல்லும், வழி கேட்டால் சனங்கள் "டூப்ளிகேஷன் றோட்" என்பார்கள், எங்கள் மாளிகாவத்தையிலோ பெயரே சொல்லாமல், பள்ளிவாசலைத் தாண்டி மையவாடி மதிலோடு வந்து திரும்புங்கள் என்பார்கள். மனிதர் ஊரை அறிவது முதலில் அடையாளங்களாகவும், பின்னர் அவற்றைக் கோக்கும் வழிகளாகவும், கடைசியில் மனத்துக்குள் விரியும் படமாகவும் ஆகும் என்று ஸீகல், வைட் என்னும் உளவியலாளர் இருவர் 1975இல் எழுதியதை இங்குள்ளவர்கள் படிக்காமலே அனுஷ்டிக்கிறார்கள். அப்படம் வெறும் உருவகமன்று. லண்டன் டாக்ஸிச் சாரதிகள் சுமார் 25,000 வீதிகளை மூன்று நாலு ஆண்டுகள் மனனம் செய்து பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அவர்களுடைய மூளையில் இடஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸின் பின்பகுதி பெரிதாயிருப்பதை நரம்பியல் விஞ்ஞானி எலினர் மகுவையர் 2000ஆம் ஆண்டு கண்டறிந்தார்.

உள்ளூர்வாசிகளாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. முன்னே நிற்கும் வாடகைக் கார் சந்தியிலே தயங்கினால், நெரிசலுக்கெல்லாம் அந்த அந்நியரே காரணம் என்று நாம் ஹோர்னை அழுத்துகிறோம். 2008ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள், 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களைச் சம வேகத்தில் ஓடும்படி விட்டபோது, சந்தியோ தடையோ எதுவும் இல்லாமலே சிறிது நேரத்தில் நெரிசல் உண்டாகி, அலைபோல் பின்னோக்கி நகர்ந்தது. வாகனங்கள் நெருங்கிய இடத்தில் சிறிய வேக வித்தியாசமே போதும், அந்நியர் தேவையில்லை.

ஆதலால் கொழும்புக்குப் புதிதாக வரும் சாரதிகளுக்கு நான் சொல்வது: முதல் நாள் சாவியைத் தொடாதீர்கள். ஓர் ஓட்டோவிலோ பஸ்ஸின் முன்னாசனத்திலோ அமர்ந்து, யார் யாருக்கு எப்படி இடம் விடுகிறார்கள் என்று அவதானியுங்கள். உள்ளூர்ச் சகோதரர்களுக்குச் சொல்வது அதனினும் சுருக்கமானது: சந்தியில் தயங்கி நிற்பவருக்கு ஒரு விநாடி கொடுங்கள். அந்த ஒரு விநாடிதான் 14 மீற்றர்.