முத்திரையா, உறையா?



கடிதம் ஒன்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? உறையின் ஓரத்தைக் கிழிக்கிறோம். உள்ளேயிருக்கும் தாளை எடுக்கிறோம். உறை குப்பைக்குப் போய்விடுகிறது. வீட்டில் முத்திரை சேர்க்கும் பிள்ளை இருந்தால் கத்தரிக்கோல் வரும். முத்திரை ஒட்டிய மூலை மட்டும் தப்பும். மற்றது போனதுதான். தபாலில் வரும் உறையை முத்திரை சேகரிப்போர் என்ன செய்கிறார்கள், என்ன செய்வது நல்லது என்பதே இன்றைய பேச்சு. இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே சிலப்பதிகாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மாதவி கோவலனுக்கு இருமுறை கடிதம் எழுதினாள். முதற் கடிதத்தை அவன் ஏற்க மறுத்தான். இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரை செல்லும் வழியில் அவனிடம் கொண்டுவந்து கொடுத்தான். ஓலை மடிக்கப்பட்டு, மண்ணால் இலச்சினை இடப்பட்டிருந்தது. மாதவி தன் கூந்தலையே அந்த ஈரமண்ணில் பதித்திருந்தாள். கோவலன் ஓலையைப் பிரிக்கவில்லை. அதற்கு முன்பே, கூட வாழ்ந்த காலத்தில் அவன் அறிந்திருந்த கூந்தல் நெய்யின் வாசம் அந்த மண் இலச்சினையிலிருந்து எழுந்து, அனுப்பியவள் யார் என்று சொல்லிவிட்டது. உள்ளே இருந்த சொற்கள் பேசுமுன் வெளியே இருந்த அடையாளம் பேசிவிட்டது. கடிதத்தின் புறமும் கடிதத்தைச் சேர்ந்ததே என்பதை இளங்கோவடிகள் எவ்வளவு நுட்பமாக உணர்த்திவிட்டார்!

மண் இலச்சினையின் இடத்தில் பிற்காலத்தில் காகித முத்திரை வந்தது. 1840 ஆம் ஆண்டு மே மாதம் பிரித்தானியாவில் உலகின் முதலாவது ஒட்டும் முத்திரை வெளியானது. அதற்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. அனுப்புபவரே முற்பணமாகக் கட்டணத்தைச் செலுத்தட்டும், அதற்கு அடையாளமாகச் சிறு காகிதத்துண்டு ஒட்டப்படட்டும் என்ற ரோலண்ட் ஹில் அவர்களின் யோசனை உலகெங்கும் பரவியது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாம் திகதி வெளியானது. விக்டோரியா மகாராணியின் தலையுருவம் கொண்ட ஆறு பென்ஸ் முத்திரை அது. இங்கிலாந்துக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்ப அன்றைய கட்டணம் அதுவே.

ஓர் உறையின் மேல் இரண்டு அடையாளங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நாம் ஒட்டுகின்ற முத்திரை. மற்றது தபாற் கந்தோரில் அதன் மேல் மையினால் குத்தப்படும் வட்டம். அதைத் திகதி முத்திரை என்போம். முன்னது அச்சகத்தில் இலட்சக்கணக்கில் பிறந்தது. பின்னதோ இன்ன ஊரில், இன்ன நாளில், இந்த ஒரு கடிதத்துக்காக இடப்பட்டது. முத்திரை ஒரு நாட்டைப் பற்றிப் பேசுகிறது. திகதி முத்திரை ஒரு மனிதனைப் பற்றிப் பேசுகிறது. இந்த வேறுபாட்டை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன்.

எங்கள் களுதாவளையிலிருந்து மாமா 1989 ஆம் ஆண்டு சவூதி அரேபியாவுக்குத் தொழிலுக்குப் போனார். அப்போது எனக்குப் பத்து வயது. ஏழு ஆண்டுகள் அவருடைய கடிதங்கள் வந்தன. வெற்றிலைத் தோட்டத்தில் நிற்கும் அம்மம்மாவைக் கூப்பிட்டு, படிக்கட்டில் இருத்தி, நான்தான் வாசித்துக் காட்டுவேன். மாமா பிள்ளையார் சுழி போடுவார். எல்லாரையும் சுகம் விசாரிப்பார். ஆனால் திகதி போடும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. வாசித்து முடிந்ததும் தாள் அம்மம்மாவின் தகரப்பெட்டிக்குப் போகும். உறை என் பங்கு. முத்திரையைச் சுற்றி ஒட்ட வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுவேன்.

வெட்டிய துண்டை என்ன செய்வது என்பதில் நான் கெட்டிக்காரன். அந்த முறை இன்றும் சரியானதே. முத்திரையைக் காகிதத்திலிருந்து கையால் உரிக்கக்கூடாது. உரித்தால் பின்புறம் மெலிந்துபோகும், பற்கள் அறுந்துபோகும். சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டி, அகன்ற பாத்திரத்தில் இளஞ்சூட்டு நீர் விட்டு, படம் மேலே இருக்கும்படி மிதக்க விடவேண்டும். இருபது நிமிடமோ அரைமணி நேரமோ செல்லப் பசை கரைந்து முத்திரை தானாகவே வழுக்கிக்கொண்டு வரும். எஞ்சிய பசையை வேறு நீரில் அலசி, வெள்ளைத்தாளிலோ ஒற்றுத்தாளிலோ கவிழ்த்து வைத்து உலரவிட வேண்டும். புதினத்தாளில் வைத்தால் அச்சுமை ஒட்டும். உலரும்போது சுருளுவது இயல்பு. கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வைத்தால் நிமிர்ந்துவிடும். பின்பு விரல் படாமல் சிறு இடுக்கியால் எடுத்துச் சேர்ப்பேட்டில் வைக்கவேண்டும்.

நீரில் இடக்கூடாதவையும் உள்ளன. சிவப்பு, பச்சை நிற வாழ்த்து உறைகள் சாயம் விடும். அவற்றை மற்றவற்றோடு சேர்த்து ஊறவைத்தால் எல்லா முத்திரைகளும் கெடும். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் பழைய முத்திரைகள் சிலவற்றின் மை நீரிற் கரைவது. இக்காலத்தில் பல நாடுகள் வெளியிடும் தானாக ஒட்டும் முத்திரைகளோ பெரும்பாலும் நீருக்கு இளகுவதில்லை. அவற்றைக் காகிதத்தோடு அளவாக வெட்டி வைத்துக்கொள்வதே வழி. ஒரே முத்திரை பல இருந்தால் சேகரிப்போர் தமக்குள் மாற்றிக்கொள்வர். வெளிநாடுகளில் இத்தகைய துண்டுகளை நிறுத்து, கிலோக் கணக்கில் விற்பதும் உண்டு.

இனி, வெட்டவே கூடாத உறைகளுக்கு வருவோம். முழு உறையையும் அப்படியே பேணுவது முத்திரைச் சேகரிப்பின் ஒரு தனித்துறை; தபால் வரலாறு என்று அதைச் சொல்வர். 1847 இல் மொரிசியஸ் தீவு ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என இரு முத்திரைகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் அச்சானவை 500 மட்டுமே. இன்று தனி முத்திரையாகவே அவை கிடைத்தற்கரியன. ஆயினும் அவ்விரண்டும் சேர்ந்து ஒட்டப்பட்டு, பிரான்சிலுள்ள போர்தோ நகரத்து மது வணிகருக்குப் போன ஓர் உறைதான் சேகரிப்போரால் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கப்படுகிறது. அதைப் பெற்றவர்கள் வீட்டில் என்னைப்போல் ஒரு கெட்டிக்காரப் பையன் இருந்திருந்தால் அந்தப் பொருள் உலகத்துக்கு இல்லாமற் போயிருக்கும்.

உறை கையில் கிடைத்ததும் கத்தரிக்கோலைத் தேடுமுன் இருபுறமும் பாருங்கள். திகதி முத்திரை முழுமையாகத் தெளிவாக விழுந்திருக்கிறதா? பதிவுத் தபால் இலக்கச் சீட்டு ஒட்டியிருக்கிறதா? விலாசம் வெட்டப்பட்டு வேறு விலாசம் எழுதப்பட்டிருக்கிறதா? பெறுநர் இல்லை, அனுப்பியவருக்கே திருப்புக என்ற குறிப்பு உண்டா? இரண்டாம் உலகப் போர்க்காலத்து உறையாயின் தணிக்கையாளர் பிரித்துப் பார்த்து ஒட்டிய சீட்டு இருக்கிறதா? பின்புறத்தில், வந்து சேர்ந்த ஊரின் திகதி முத்திரை இருக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் உறையை முழுதாக வையுங்கள். பாட்டன் பாட்டியின் பெயர் எழுதிய உறைக்கு இவை எதுவுமே தேவையில்லை. அது குடும்பத்துச் சொத்து. முழு உறையையும் வைக்க இடமில்லை என்போருக்கு இடைவழி ஒன்றுண்டு. முத்திரையும் முழு வட்டமும் சேர்ந்து வரும்படி இரண்டு அங்குல உயரம், நான்கு அங்குல நீளத்தில் ஒரு துண்டாக வெட்டி, நீரில் இடாமல் வைத்துக்கொள்ளலாம். ஊர்ப்பெயரும் திகதியும் தப்பும்.

பேணும் முறையும் சிறிது சொல்லவேண்டும். செலோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாக ஊறிவிடும். குண்டூசி துருப்பிடிக்கும். லமினேற் செய்வது உறையை உயிரோடு புதைப்பதற்குச் சமம். குறிப்பு எழுதுவதானால் தனிச்சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். கடலும் வாவியும் இருபுறமும் சூழ்ந்த நம் எழுவான்கரையில் ஈரப்பதன் பெரிய பகை. மாரி கழிந்ததும், ஈரமில்லாத ஒரு நாளில், நேர் வெயில் படாத இடத்தில் பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். கறையானும் இராமபாணமும் அண்டாத உயரத்தில் வையுங்கள். இன்னொன்று: உறையில் இருப்பது ஒருவருடைய பெயரும் விலாசமும். கண்காட்சியில் வைக்குமுன் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது பண்பு.

மாமா ஊர் திரும்பி, பல ஆண்டுகள் வாழ்ந்து, காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் வெளியிடவேண்டும், வாழ்க்கைக் குறிப்பை நீங்கள்தான் எழுதவேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள். தமிழ் ஆசிரியன் வேறு யாருக்கு எழுதுவான்? ஒப்புக்கொண்டேன். எந்த ஆண்டில் எந்த நகரத்தில் அவர் வேலை செய்தார் என்ற இடத்தில் பேனா நின்றது. அம்மம்மா இல்லை. அவருடைய தகரப்பெட்டியை 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியது, அன்று மேற்குக் கரையிலுள்ள உறவினர் வீட்டில் இருந்த என் முத்திரைச் சேர்ப்பேடு மட்டுமே.

நாற்பத்துமூன்று முத்திரைகள். பூக்கள், கஃபா, கட்டடங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் திகதி முத்திரையின் ஒரு பிறைத்துண்டு. ஒன்றில் மாதம் இருந்தது, ஆண்டு இல்லை. ஒன்றில் ஊர்ப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள். இன்னொன்றில் அரபு எண் ஒன்று. வட்டங்களின் மறுபாதிகளை என் கையாலேயே வெட்டி எறிந்திருந்தேன். அவர் எழுதாமல் விட்ட திகதியை ஏழாண்டுகளாகத் தபாற் கந்தோர் அவருக்காக எழுதி அனுப்பியிருக்கிறது. எனக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை.

சேர்ப்பேட்டின் கடைசி ஒற்றைக்குள் ஓர் உறை மட்டும் முழுதாகக் கிடந்தது. நான் அன்பினால் பேணியதல்ல. முத்திரையின் மூலை கிழிந்திருந்தபடியால் உதவாது என்று ஒதுக்கி, பக்க அடையாளமாகச் செருகி வைத்தது. அதில் எல்லாம் இருந்தன. 1992 மார்ச் 7, தம்மாம் நகரம். பின்புறத்தில் எங்கள் தபாற் கந்தோரின் வட்டம், மார்ச் 24. முன்புறத்தில் எங்கள் விலாசம் நீலமையால் வெட்டப்பட்டு, அக்காலத்தில் நாங்கள் தங்கியிருந்த உறவினர் வீட்டு விலாசம் வேறு கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்த நெருக்கடியிலும் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று விசாரித்தறிந்து கடிதத்தைச் சேர்ப்பித்த தபாற்காரரின் கையெழுத்து அது. நினைவு மலரில் மாமாவின் வெளிநாட்டு வாழ்வைப் பற்றி நான் உறுதியாக எழுதிய ஒரே வரி அந்த உறை தந்ததே. அட்டையின் உட்புறத்தில் அதன் படத்தையும் அச்சிட்டோம்.

நேயர்களே, இன்று கடிதம் அருகிவிட்டது. 2022 இல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. கைத்தொலைபேசியில் செய்தி நொடியில் போய்ச் சேர்கிறது. வரும் உறைகளிலும் பலவற்றில் முத்திரைக்குப் பதில் இயந்திர அடையாளமே காணப்படுகிறது. ஆகவே எழுதிய கையும் ஒட்டிய முத்திரையுமாக இனி வரும் ஒவ்வோர் உறையும் அரிய பொருளே. உறைகள் எல்லாம் பணம் தரும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை தரமாட்டா. முத்திரை போனால் இன்னொன்று வாங்கலாம். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரின் உருவம் தாங்கிய முத்திரையைக்கூடத் தேடினால் விலைக்குப் பெறலாம். ஆனால் உங்கள் தாய்க்கு, உங்கள் ஊருக்கு, இன்ன நாளில் வந்து சேர்ந்த உறை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பாடப்புத்தகத்துக்குள், சாமியறைப் படத்தின் பின்னால் ஓர் உறை இருக்கக்கூடும். இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். முன்புறம் பார்த்த பின் மறவாமல் பின்புறத்தையும் பாருங்கள். கத்தரிக்கோல் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.