குழி சொல்லும் சேதி: அன்றும் இன்றும்

எண்பதுகளில் இலங்கையின் கலேவெலயில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குச் சிறுகோள் என்றால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அச்சிட்ட புள்ளிக் கூட்டம், அவ்வளவுதான். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. கிட்டே போய் எடுத்த முதற்படம், காஸ்ப்ராவினுடையது, 1991 ஒக்டோபரில்தான் கலிலியோ விண்கலத்துக்குக் கிடைத்தது.

மோதல் குழிகளைப் பற்றி அன்று தெரிந்ததில் பெரும்பங்கு துப்பாக்கி தந்தது. கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் டொனால்ட் கோல்ட் குழுவினர் அறுபதுகளிலிருந்தே மணலில் சிறு குண்டுகளைச் சுட்டுக் குழியை அளந்தார்கள். அருமையான வேலை. ஆனால் மணல் பூமியில் கிடந்தது. ஈர்ப்பே இல்லையென்னும் அளவுக்குச் சிறிய உலகத்தை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவர வழியிருக்கவில்லை.

கணினிக்கு அது ஓர் எண்ணை மாற்றும் வேலை. சிறுகோளை ஏராளமான துணிக்கைகளாகப் பிரித்து, அடர்த்தி, வலிமை, உள்ளேயுள்ள வெற்றிடம் ஆகியவற்றைக் கொடுத்தால், அதிர்ச்சி அலை எங்கே ஓடி எங்கே அடங்குகிறது என்று படிப்படியாகக் கணக்கிட்டுத் தரும். செவ்வாயின் துணைக்கோள் ஃபோபோஸிலுள்ள ஸ்டிக்னி குழியை எரிக் அஸ்ஃபோக்கும் ஜே மெலோஷும் 1993 இலேயே கணினியில் போட்டுப் பார்த்தனர்.

1997 இல் மத்தில்டா எல்லோரையும் யோசிக்க வைத்தது. சராசரி 53 கி.மீ. குறுக்களவுள்ள சிறுகோள், அதில் 30 கி.மீ.க்கு மேற்பட்ட குழி! கெட்டிப் பாறையென்றால் தூளாகியிருக்கும். அதன் அடர்த்தியோ நீரைவிடச் சற்றுத்தான் கூட. உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். வீடு கட்ட லொறி கொட்டிவிட்டுப் போன கருங்கல் குவியலில் ஓங்கி அடித்தாலும் விரிசல் குவியல் முழுக்க ஓடுமா? கேள்வியே இங்கேதான் மாறியது என்பேன். முன்பு குழியைப் பார்த்து விழுந்த கல்லின் பருமனைக் கேட்டார்கள். இப்போது அடிபட்டதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

2019 ஏப்ரல் 5 இல் ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம், 2 கிலோ செப்புக் குண்டை ரியூகு என்ற சிறுகோளில் செலுத்தியது. 14 மீற்றர் அளவுக்குக் குழி விழுந்தது. மேற்பரப்புத் துணிக்கைகளிடையே ஒட்டுதல் ஏறத்தாழ இல்லை என்று அது காட்டிவிட்டது.

அடுத்தது, டிமோர்ஃபஸ் என்ற சிறுகோளில் நாசா மோதவிட்ட டார்ட் விண்கலம். இலங்கை நேரப்படி 2022 செப்டெம்பர் 27 அதிகாலை 4.44. மின்வெட்டுக் காலம், ஃபோனில் சார்ஜ் மிச்சம் பிடித்தவர்கள் கலேவெலயிலிருந்தும் நேரலையில் பார்த்திருக்கலாம். டிமோர்ஃபஸின் சாம்பல்நிறக் கற்கள் திரையை நிறைத்தன, கடைசிப் படம் பாதியில் அறுந்தது. டிமோர்ஃபஸ் தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றும் காலம் 73 செக்கன் மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 33 நிமிடம் குறைந்தது! பேர்ண் பல்கலைக்கழகத்தின் சபீனா ராடுகன், மார்ட்டின் யூட்சி முதலியோர் 2024 இல் வெளியிட்ட கணிப்பு இன்னும் விசித்திரம்: அங்கே குழி என்று ஒன்றே இல்லாதிருக்கலாம், சிறுகோளின் உருவமே மாறியிருக்கலாம். மோதல் கண்சிமிட்டுமுன் முடிந்துவிடும். கிளம்பிய கற்கள் அடங்க மணிக்கணக்காகும். அந்த நீண்ட பகுதியைக் கணினியில் ஓட்டுவதுதான் பெரும்பாடு. நேரில் பார்த்துச் சரிபார்க்க ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் 2024 ஒக்டோபர் 7 இல் புறப்பட்டது.

பூமியில் கல் மோதினால் என்னாகும் என்று சொல்லும் எளிய கணிப்பான் ஒன்றை மெலோஷ், கரெத் கொலின்ஸ் முதலியோர் இணையத்தில் இலவசமாகவே வைத்தார்கள். தம்புள்ளையில் ஒரு கல் விழுந்தால் கலேவெலயில் கண்ணாடிகள் நொறுங்குமா என்று ஃபோனிலேயே பார்க்கலாம். கல்லின் பருமன், வேகம், கோணம், நிலத்தின் வகை எல்லாம் கேட்கும். நம் பக்கத்து நிலத்தடியில் இருப்பது நைஸ், ஆகவே பளிங்குருப் பாறை என்று தெரிவு செய்யவேண்டும். நிலத்துக்குள் எவ்வளவு வெற்றிடம் என்று அது கேட்பதில்லை.