சமக்குறியில் தொடங்கும் கணக்கு

மளிகைச் சீட்டில் அரிசியின் விலையைத் தவறாகக் குறித்துவிட்டோம் என்பது, கூட்டி முடித்து அடிக்கோடும் இட்ட பிறகு தெரியவந்தால், அந்த ஒரு வரியைத் திருத்துவதோடு வேலை முடிவதில்லை; அரிசியின் கிரயம், சீட்டின் மொத்தம், கழிவு என்று யாவற்றையும் அடித்துத் திரும்ப எழுதவேண்டும். 1978-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்த டான் பிரிக்லின், வகுப்பின் கரும்பலகையில் இதே சங்கடத்தைக் கண்டு, ஓர் எண்ணை மாற்றியவுடன் அதைச் சார்ந்தவையெல்லாம் தாமே மாறிக்கொள்ளும் பலகை ஒன்றை மனத்தில் கற்பனை செய்தார். அவரும் நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக ஆக்கி 1979-இல் வெளிவந்த விஸிகால்க்தான், இன்று நாம் உபயோகிக்கும் எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகவே கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றுக்கெல்லாம் மூதாதை.

விரிதாள் எனப்படும் இந்தக் கட்டப் பலகையில் நெடுக்கு வரிசைகளுக்கு ஆங்கில எழுத்துக்களும் குறுக்கு வரிசைகளுக்கு எண்களும் பெயர்களாக இருப்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. ‘ஏ’ வரிசையில் சாமானின் பெயர், ‘பி’யில் அளவு, ‘சி’யில் விலை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வரியில் அரிசி 25 கிலோ, கிலோ 60 ரூபாய். டி2 என்ற கட்டத்தில் =பி2*சி2 என்று ஆங்கில எழுத்துக்களில் தட்டி என்டரை அழுத்தினால் 1500 என்று விடை வரும். நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு, வகுத்தலுக்குச் சாய்கோடு. முதலில் நிற்கும் சமக்குறியை மறந்தால், நாம் எழுதியது சூத்திரம் என்று கணினிக்குத் தெரியாது. எழுதிய எழுத்தையே அப்படியே காட்டி நிற்கும்.

சமக்குறிக்குப் பின் 25, 60 என்ற எண்களையே பெருக்கி எழுதினாலும் அதே 1500 வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் நாளை விலை 62 ரூபாயாகும்போது அந்தச் சூத்திரம் பழைய விடையிலேயே கிடக்க, விலாசத்தைக் கொண்டு எழுதியதோ நாம் தொடாமலே 1550 என்று மாறியிருக்கும். எண்ணை எழுதாமல் எண் இருக்கும் இடத்தை எழுதுவதே இந்த வித்தையின் ஜீவன் என்பது என் திடமான அபிப்பிராயம்.

டி2-இன் வலது கீழ் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால், மூன்றாம் வரியில் பி3, சி3 என்று விலாசங்களும் கூடவே நகர்ந்து, பருப்புக்கும் எண்ணெய்க்கும் அநாயாசமாகக் கணக்குப் போட்டுவிடும். சில சமயம் இந்த நகர்வே தொல்லை. கழிவு விகிதம் 5 சதவீதம் எஃப்1 என்ற ஒரே கட்டத்தில் இருக்க, கழிவைக் கணிக்கும் சூத்திரம் கீழிறங்கும்போது எஃப்2 என்ற வெற்றுக் கட்டத்தைத் தேடிப் போய்ப் பூஜ்யத்தைக் கொண்டுவரும். $எஃப்$1 என்று டாலர் குறிகளால் கட்டிப்போட்டால் அது அசையாது.

நீண்ட கூட்டலுக்கு ‘சம்’ என்ற சார்பு இருக்கிறது: =சம்(டி2:டி4). நடுவிலுள்ள முக்காற்புள்ளிக்கு ‘முதல்–வரை’ என்று பொருள். மேக்ஸ், மின் ஆகியவை பெரியதையும் சிறியதையும் எடுத்துக் கொடுக்கும். ‘இஃப்’ ஒரு நிபந்தனையைச் சோதித்து இரண்டில் ஒரு விடை தரும். சராசரி காணும் ‘ஆவரேஜ்’ விஷயத்தில் மட்டும் சற்று ஜாக்கிரதை வேண்டும்: வெற்றுக் கட்டத்தை அது கணக்கில் சேர்ப்பதில்லை, பூஜ்யத்தைச் சேர்க்கும்; ஆகவே பால் வாங்காத நாளில் ஒன்றும் எழுதாமல் விடுவதும் பூஜ்யம் எழுதுவதும் வெவ்வேறு சராசரியைத் தரும்.

‘முதல்–வரை’யில் நேரும் பிழை பண்டிதர்களையும் விடுவதில்லை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளாதார அறிஞர்கள் அரசாங்கக் கடனைப் பற்றி 2010-இல் வெளியிட்டு உலகெங்கும் விவாதிக்கப்பட்ட ஆய்வில், சராசரிச் சூத்திரம் 49-ஆம் வரி வரை செல்லாமல் 44-உடன் நின்றுவிட்டதால் ஐந்து தேசங்கள் விடுபட்டிருந்தன. அந்த ஆய்வின் குறைகளுள் ஒன்றான இதை 2013-இல் வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், அப்போது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன்.

ஆகவே, இந்த மாதத்து மளிகைச் சீட்டையே முதல் பாடமாகக் கொள்ளுங்கள். மொத்தம் வந்ததும் அந்தக் கட்டத்தை இருமுறை சொடுக்கி, சூத்திரம் எந்த வரி வரை செல்கிறதென்று பார்த்த பிறகு கடைக்காரருக்குப் பணம் கொடுங்கள்.